"படம் எப்படி?": ஒரே படத்துக்கு ஏன் இத்தனை பதில்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பேருந்தில் ஏறினால், தவளக்குப்பம் தாண்டுவதற்குள் எப்படியும் ஒரு சினிமாப் பேச்சு காதில் விழும். பின்சீட்டில் இரண்டு பேர். "நேத்து ராத்திரி போன்ல போட்டேன் மச்சான், அரை மணி நேரத்துக்கு மேல முடியல" என்கிறார் ஒருவர். "டேய், நான் அத தியேட்டர்ல ரெண்டு தடவ பாத்தேன்டா, இன்டர்வெல் சீனுக்கு மொத்த தியேட்டரும் கத்துச்சு" என்கிறார் மற்றவர். ரெட்டிச்சாவடி வரைக்கும் சண்டை நடக்கிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அப்புறம் எப்படி ஒரே படத்துக்கு இப்படி நேர் எதிரான இரண்டு பதில்?

கேட்கச் சின்னதாக இருக்கும் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் தரப்பு, முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களிடம் யூடியூப் சேனல்கள் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்பதைத் தியேட்டர்கள் அனுமதிக்கக் கூடாது என்று கோரியது. அடுத்த மாதமே, படம் வெளியான முதல் மூன்று நாளுக்கு விமர்சனங்களுக்குத் தடை வேண்டும் என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கருத்துச் சொல்வது உரிமை என்று சொல்லி நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. அதிலிருந்து பலருக்கும் ஒரு குழப்பம்: சும்மா "படம் சுமார்" என்று சொல்வதற்கு அவ்வளவு பலம் இருக்கிறதா? அந்தச் சுமார் படத்தைப் பற்றியதா, பார்த்த விதத்தைப் பற்றியதா?

என் பதில் இதுதான்: பார்த்தவர் வாயிலிருந்து வரும் கருத்து பெரும்பாலும் நேர்மையானது, ஆனால் அது படத்தைப் பற்றிய கருத்து மட்டும் இல்லை, ஒரு தடவை பார்த்ததைப் பற்றிய கருத்து. எங்கே, எதில், எப்போது, யாரோடு பார்த்தார் என்பதெல்லாம் அதற்குள் கலந்திருக்கிறது. எப்படிக் கலக்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

கருத்து வேறு, விமர்சனம் வேறு

நான்கு விஷயங்களை நாம் ஒரே பையில் போட்டுக் குலுக்குகிறோம்.

1. கருத்து. பார்த்தவர் தனக்கு எப்படி இருந்தது என்று சொல்வது. காரணம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2. விமர்சனம். ஏன் அப்படி என்று படத்திலிருந்தே காரணம் காட்டுவது. காட்டவில்லை என்றால் அது நீளமான கருத்து, அவ்வளவுதான்.

3. விளம்பரம். காசோ வேறு ஏதாவதோ வாங்கிக்கொண்டு பேசுவது. இதைத் தவறு என்று சட்டம் சொல்லவில்லை, மறைக்காதே என்றுதான் சொல்கிறது. சமூக ஊடகத்தில் ஒன்றைப் பரிந்துரைக்கிறவர் தனக்கும் அந்த நிறுவனத்துக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டி வெளியிட்டது.

4. வசூல் பேச்சு. "நூறு கோடி அடிச்சிருச்சு, நீ என்ன நல்லா இல்லைங்குற?" இது கருத்தே இல்லை, கணக்கு. அந்தக் கணக்கிலும் மூன்று அடுக்கு உண்டு. டிக்கெட்டின் அடிப்படை விலை 150 ரூபாய் என்றால், 18 சதவீத ஜிஎஸ்டி 27 ரூபாய் சேர்ந்து 177 ஆகிறது, உள்ளாட்சி வரி தனி. வரியோடு சேர்த்த தொகை கிராஸ், வரி போனால் நெட், அதில் தியேட்டர் தன் பங்கை எடுத்துக்கொண்டு விநியோகஸ்தருக்குத் தருவது ஷேர். போஸ்டரில் பெரிதாக அச்சாவது பெரும்பாலும் கிராஸ். படம் போட்ட காசை எடுத்ததா என்பது ஷேரில்தான் தெரியும்.

இனி முதல் வகையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இரண்டு பேரும் பார்த்தது ஒரே படம்தானா?

தலைப்பு ஒன்றாக இருந்தால் படமும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை.

1. வெட்டுவதும் ஒட்டுவதும். வெளியான பிறகு நீளத்தைக் குறைப்பது இப்போது சாதாரணம். 2024இல் வந்த 'இந்தியன் 2' சில நாட்களிலேயே 12 நிமிடம் குறைக்கப்பட்டது. எதிர்ப்பக்கமும் உண்டு: 'புஷ்பா 2' 2025 ஜனவரியில் 20 நிமிடம் கூடுதலாகச் சேர்த்து மறுபடி திரைக்கு வந்தது. முதல் நாள் பார்த்தவர் "இழுவை" என்பார், பத்து நாள் கழித்துப் பார்த்தவர் "எங்கடா இழுக்குது?" என்பார். இருவருக்கும் கிடைத்த படம் வேறு.

2. சான்றிதழ். தியேட்டருக்கு வரும் படத்துக்குத் தணிக்கைச் சான்று கட்டாயம். 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத்தில் 2023இல் திருத்தம் வந்தபின் யு/ஏ என்பது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஏ சான்று வாங்கிய படம் அப்படியே டிவிக்கு வர முடியாது, வெட்டித் தனிச் சான்று வாங்க வேண்டும். ஓடிடி தளங்களுக்கோ 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் பொருந்தும், அவை தாங்களே வயது வகை குறித்துக்கொள்கின்றன, தணிக்கை வாரியத்திடம் போவதில்லை. அதனால் தியேட்டரில் ஒலி நீக்கப்பட்ட ஒரு வசை வார்த்தை போனில் முழுசாகக் கேட்கலாம். பண்டிகைக்கு டிவியில் பார்த்த அம்மா "நல்ல குடும்பப் படம்" என்பதும், ஓடிடியில் பார்த்த மகன் "வீட்டில உக்காந்து பாக்க முடியாது" என்பதும் இப்படித்தான்.

3. மொழி. புதுச்சேரி என்ற ஒரே ஒன்றியப் பிரதேசத்துக்குள் மாஹேயில் மலையாளமும் ஏனாமில் தெலுங்கும் பேசுகிறார்கள். இங்கே நாமும் மலையாளப் படத்தை மலையாளத்திலேயே பார்க்கப் பழகிவிட்டோம். டப்பிங்கில் பார்த்தவர் "வசனம் செயற்கையா இருக்கு" என்றால் அது டப்பிங் மீது வைத்த குறை. அதை எழுதிய எழுத்தாளர் தலையில் கட்டக் கூடாது.

திரையும் சத்தமும்: யாரும் சொல்லாத பாதி காரணம்

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் "நல்லா இல்ல" என்று நாம் சொல்வதில் பெரிய பங்கு இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முதலில் வெளிச்சம். தியேட்டர் திரைக்கான தரம் 48 நிட் என்பது. நிட் என்றால் திரையின் ஒரு பரப்பிலிருந்து எவ்வளவு ஒளி கண்ணுக்கு வருகிறது என்பதற்கான அளவு. வீட்டு டிவியும் போனும் பல நூறு நிட் தரும். அப்படியென்றால் டிவிதானே நல்லது? இல்லை. தியேட்டரில் சுற்றிலும் கும்மிருட்டு, கண் அதற்குப் பழகியிருக்கும், 48 போதும். அந்த இருட்டுக்காகவே இரவுக் காட்சிகளின் நிறத்தைச் சரிசெய்கிறார்கள். அதே காட்சியை மதியம் ஜன்னல் திறந்த வீட்டில் பார்த்தால் கருப்புக்குள் கருப்பு நகர்வதுதான் தெரியும். தியேட்டர்க்காரரும் எப்போதும் தப்பிக்க முடியாது. ஓட ஓட புரொஜெக்டரில் இருக்கும் செனான் விளக்கு மங்கிக்கொண்டே வரும், காலத்தில் மாற்றவில்லை என்றால் திரையே அழுக்காகத் தெரியும். முப்பரிமாணக் கண்ணாடி போட்டால் வெளிச்சம் இன்னும் பாதிக்கு மேல் போய்விடும். "படம் ஒரே டல்லு" என்பவர் கதையைச் சொல்கிறாரா விளக்கைச் சொல்கிறாரா என்று அவருக்கே தெரியாது.

அடுத்து, படத்தின் சட்டகம். பெரிய படங்கள் பலவும் 2.39க்கு 1 என்ற அகல விகிதத்தில் எடுக்கப்படுகின்றன, அதாவது உயரம் ஒரு அடி என்றால் அகலம் ஏறத்தாழ இரண்டே கால் அடிக்கும் மேல். டிவியின் விகிதம் 16க்கு 9. அகலத்தைப் பொருத்தினால் டிவி உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு மேலும் கீழும் கருப்புப் பட்டையாகிவிடும். பட்டை பிடிக்காமல் பெரிதாக்கினால் இரண்டு ஓரத்திலும் படம் வெட்டுப்படும். ஓரத்தில் நின்று முறைக்கும் அண்ணன் சட்டகத்திலிருந்தே காணாமல் போவார், அந்த முறைப்புக்குத்தான் அடுத்த சண்டை என்பது புரியாது, "லாஜிக்கே இல்ல" என்று கருத்து வரும்.

டிவியில் இன்னொரு தொல்லை, அசைவை வழவழப்பாக்கும் வசதி. படம் நொடிக்கு 24 சட்டகம், அதாவது 24 தனித்தனி அசையாப் படங்கள். டிவி நடுவில் இல்லாத சட்டகங்களைத் தானே உருவாக்கிச் சேர்க்கிறது. கிரிக்கெட்டுக்கு அது நன்றாக இருக்கும், சினிமாவுக்குச் "சீரியல் மாதிரி இருக்கு" என்ற பேரைத்தான் வாங்கித் தரும். 2019இல் அறிவிக்கப்பட்ட ஃபிலிம்மேக்கர் மோட் என்ற அமைப்பு பல புது டிவிகளில் இருக்கிறது. அதைப் போட்டால் இந்த வேலையெல்லாம் நின்றுவிடும்.

இப்போது சத்தம். தியேட்டரில் குறைந்தது 5.1 ஒலி: முன்னால் இடம், நடு, வலம், பக்கவாட்டில் இரண்டு, தனியாக அடித்தொனிக்கு ஒன்று. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்து வரும். வீட்டு டிவியில் இருப்பதோ இரண்டு சின்ன ஸ்பீக்கர். ஆறு வழியில் வந்ததை இரண்டுக்குள் திணிக்கும்போது வசனம் இசைக்குள் முங்கிவிடுகிறது. ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வசனத்துக்கு ஏற்றி, பாட்டுக்கு இறக்கி, சண்டைக்கு மறுபடி இறக்கி, பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்று இன்னும் இறக்கி, இப்படி ஒரு படத்தைப் பார்த்தவரிடம் பின்னணி இசை எப்படி என்று கேட்டால் என்ன சொல்வார்? பல தளங்களில் மொழி தேர்வு செய்யும் இடத்தில் 5.1 இல்லாத ஸ்டீரியோ ஒலியும் தனியாக இருக்கும். ஹோம் தியேட்டர் இல்லாதவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தாலே பாதிக் குறை தீரும்.

தியேட்டரில் இதற்கு நேர் எதிரான சிக்கல். 2024 நவம்பர் 14இல் 'கங்குவா' வந்தபோது முதல் நாள் கருத்துகளில் திரும்பத் திரும்ப வந்தது கதை இல்லை, சத்தம். காது வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று எழுதினார்கள். தயாரிப்பாளர் கே.இ.ஞானவேல்ராஜா தியேட்டர்களிடம் ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னதாகவே அறிவித்தார். ஆஸ்கர் வாங்கிய ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டியும் அதைப் பற்றிப் பொதுவில் வருத்தப்பட்டார். யோசித்துப் பாருங்கள்: ஒரு குமிழைத் திருப்பினால் மாறக்கூடிய ஒன்று அந்தப் படத்தின் மீதான முதல் நாள் தீர்ப்பாகவே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு மேல் சத்தம் குறைந்த தியேட்டரில் பார்த்தவருக்கு அந்தக் குறையே புரிந்திருக்காது.

கடைசியாக, தரவு. தியேட்டருக்குப் போகும் படக் கோப்பில் நொடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட் வரை இருக்கலாம். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் 15 மெகாபிட். மீதியெல்லாம் சுருக்கப்படுகிறது. மழை, புகை, கடல் அலை, புழுதி, இவைதான் முதலில் கட்டம் கட்டமாகச் சிதறும். பேசும் முகங்கள் மட்டும் இருக்கும் படத்துக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆகவே "வீட்டில பாத்தாலே போதும்" என்ற கருத்து சில படங்களுக்கு முழுக்கச் சரி.

கூட்டம், நேரம், காசு

முதல் நாள் முதல் காட்சிக்கு வருகிறவர் ஏற்கெனவே அந்த நடிகரைப் பிடித்தவர். விடியற்காலையே கிளம்பி வந்தவர். அந்தக் கூட்டத்தின் சத்தமும் அவருக்குப் படத்தின் ஒரு பகுதி. அதே படத்தைப் புதன்கிழமை மதியம் முப்பது பேரோடு பார்த்தால் அறிமுகக் காட்சியில் இயக்குநர் கைதட்டலுக்காக விட்ட இடைவெளி வெறும் மௌனமாக நிற்கும். அதைத்தான் "லேக்" என்கிறோம்.

புதுச்சேரி அலையான்ஸ் ஃபிரான்சேஸில் நடக்கும் அரசுத் திரைப்பட விழாவை நினைத்துப் பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருது கொடுக்கும் விழா அது. அங்கே விசில் கிடையாது, பக்கத்தில் இருப்பவர் மெதுவான படத்தைப் பார்க்கத் தயாராகவே வந்திருப்பார். அங்கே கைதட்டல் வாங்கிய படத்தை ஞாயிறு மாலை குழந்தைகளோடு தியேட்டரில் போட்டால் வேறு கருத்து வரும். எந்தக் கூட்டமும் தப்பான கூட்டம் இல்லை.

நேரமும் அப்படியே. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்து மாலைக் காட்சி பார்க்கிறவருக்குக் கடைசி அரை மணி நேரம் கண் திரையில் இருந்தாலும் மனசு பேருந்து நிலையத்தில் இருக்கும். படம் முடியும் நேரம் தள்ளிப்போகப் போக, அவருக்கு ஒவ்வொரு பாட்டும் எதிரி. புதுச்சேரி முத்தியால்பேட்டையிலேயே வீடு இருப்பவர் நிம்மதியாக உட்கார்ந்து பெயர்ப் பட்டியல் வரைக்கும் பார்ப்பார். இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் இரண்டாம் பாதி இருவருக்கும் ஒன்றில்லை.

காசு. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரைக்குமான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். புதுச்சேரியும் தமிழ்நாடும் வேறு வேறு நிர்வாகம் என்பதால் அதற்கு மேல் வரும் உள்ளாட்சி வரியும், காட்சி நேர அனுமதியும் தனித்தனி. நான்கு பேர் குடும்பம் டிக்கெட், பாப்கார்ன், பெட்ரோல் எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லும் "பரவாயில்ல" கடுமையான தீர்ப்பு. மாதச் சந்தாவுக்குள் வரும் படத்துக்குச் சொல்லும் "பரவாயில்ல" பாராட்டு. தமிழ்ப் படங்கள் பலவும் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுவதால், காசு கொடுத்தவர் கருத்தும் காத்திருந்தவர் கருத்தும் ஒரே மாதத்துக்குள் மோதிக்கொள்கின்றன. அந்தப் பேருந்துச் சண்டைக்கு வேர் இங்கேதான்.

வெள்ளிக்கிழமை கருத்து திங்கட்கிழமை என்ன செய்கிறது

சினிமா வியாபாரத்தில் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் எல்லாம் சேர்ந்து இன்னமும் "தென் ஆற்காடு" ஏரியா. அந்தப் பெயரில் இருந்த மாவட்டம் 1993இல் பிரிந்துவிட்டது, விநியோகஸ்தர் கணக்கில் பிரியவில்லை. இந்த ஏரியாவுக்குப் படம் வாங்கியவர் வெள்ளி, சனி, ஞாயிறு கூட்டத்தைக் கண்டு சந்தோஷப்பட மாட்டார், அது முன்பதிவில் வந்த கூட்டம். திங்கட்கிழமை காலைக் காட்சிக்கு எத்தனை பேர் என்று கேட்பார். அன்றைக்கு வருகிறவர்தான் யாரோ சொல்லி வந்தவர். தயாரிப்பாளர்கள் முதல் மூன்று நாளுக்குத் தடை கேட்டதற்கும் காரணம் இதுதான், கருத்து பரவுவதற்குள் வார இறுதி முடிந்துவிட வேண்டும். அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது, போட்ட பணம் அப்படி. ஆனால் மூன்று நாள் ஊர் வாயை மூடச் சொல்வது, அந்த மூன்று நாளில் டிக்கெட் வாங்குகிறவரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு வரச் சொல்வதற்குச் சமம்.

டிக்கெட் ஆப்களில் தெரியும் மதிப்பெண்ணையும் கவனமாகப் படிக்க வேண்டும். நூறு பேரில் ஐம்பது பேர் 10 கொடுத்து ஐம்பது பேர் 1 கொடுத்தால் சராசரி 5.5. நூறு பேரில் பாதிப் பேர் 5, மீதிப் பேர் 6 கொடுத்தாலும் 5.5தான். முதலாவது, சிலர் கொண்டாடி சிலர் வெறுத்த படம், உங்களுக்கு உயிராகப் பிடிக்க வாய்ப்பு உண்டு. இரண்டாவது, யாருக்கும் நினைவில் நிற்காத படம். எண் ஒன்று, சங்கதி வேறு.

கேட்கும்போதும் சொல்லும்போதும்

1. "எப்படி?" என்று கேட்ட கையோடு "எங்க பாத்தீங்க?" என்றும் கேளுங்கள். போனா, டிவியா, தியேட்டரா. ஒரே தடவையில் முடித்தாரா, மூன்று ராத்திரியா.

2. "ஒரு தடவ பாக்கலாம்" என்பது தியேட்டரில் பார்த்தவர் வாயிலிருந்து வந்தால் "காசு வீணாகல" என்று பொருள். அதற்கு மேல் அதில் எதையும் தேடாதீர்கள்.

3. "லேக்" என்றால் எந்த இடத்தில் என்று கேளுங்கள். இடம் சொல்ல முடிந்தால் அது படத்தின் குறை. "மொத்தமா அப்படித்தான்" என்றால் தூக்கமோ கடைசிப் பேருந்தோ காரணமாக இருக்கலாம்.

4. நம் ரசனைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் கருத்து, முகம் தெரியாத ஆயிரம் பேர் மதிப்பெண்ணைவிட உதவும். எப்போதும் நமக்கு நேர் எதிராகச் சொல்கிற ஒரு நண்பரும் அதே அளவு உதவுவார்.

5. நாம் சொல்லும்போது பார்த்த இடத்தையும் நாளையும் ஒரு வார்த்தையில் சேர்த்துவிடலாம். "ரெண்டாவது வாரம், தியேட்டர்ல, சவுண்டு ஜாஸ்தி, ஆனா கதை புடிச்சிருந்துச்சு." இதில் கேட்கிறவருக்குத் தேவையான எல்லாம் இருக்கிறது.

சட்டம் எங்கே குறுக்கே வருகிறது

கருத்துச் சொல்லத் தடை இல்லை, "பிடிக்கல" என்பதற்கு யாரும் வழக்குப் போட முடியாது. நடிகரின் குடும்பத்தைப் பற்றியோ நடத்தையைப் பற்றியோ பொய்யாக எழுதினால் அது அவதூறு, அதற்குத் தனிச் சட்டம் எப்போதும் உண்டு.

பலர் தெரியாமல் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் வேறு. படம் எப்படி என்று காட்டுவதற்காக இடைவேளைக் காட்சியைப் போனில் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறோமே, அது. அனுமதி இல்லாமல் தியேட்டருக்குள் படத்தைப் பதிவுசெய்வதும் அப்படிப் பதிவானதைப் பரப்புவதும் ஒளிப்பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தத்தின்படி குற்றம். குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை, அபராதம் குறைந்தபட்சமே 3 லட்சம் ரூபாய், அதிகபட்சமாகப் படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். அந்தப் பத்து நொடி வீடியோவுக்குப் பதிலாக வாயால் சொல்லுங்கள், எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும்.